மாற்றிச் சொன்ன வாய்

என் தராசுக்கு நோஞ்சான் பிள்ளைகள் மட்டுமே வருகின்றன என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

நான் குடும்பநல மாது. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் நாங்கள் மிஸ்தான். மாதத்தில் ஒரு நாள் வாவிக்கரையில் உள்ள பொதுநோக்கு மண்டபத்தில் கிளினிக் நடக்கும். மண்டபத்துக் கூரை வளையில் இரண்டு தராசுகளைத் தொங்கவிட்டிருப்போம். ஒன்றில் நான் நிறுப்பேன், மற்றதில் என்னோடு வேலை செய்த இன்னொரு மிஸ் நிறுப்பார். பிள்ளையைத் துணிப்பையில் இறக்கிக் கொக்கியில் மாட்டினால், அது வீரிட்டு அழும்; முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும். அந்த நிறையைப் பிள்ளையின் அட்டையில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். மாதா மாதம் வைத்த புள்ளிகளைத் தொடுத்தால் ஒரு கோடு வரும். கோடு ஏறினால் பிள்ளை வளர்கிறது, ஏறாமல் படுத்தால் எங்கோ பிழை. இவ்வளவுதான் என் உத்தியோகம் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.

இரண்டு வரிசையும் ஒரே அளவு நீளந்தான். ஆனால் கொழுகொழுவென்ற பிள்ளைகளோடு வந்த தாய்மார் என் வரிசையில் நின்றுவிட்டு, முறை நெருங்கும்போது எதையோ மறந்தவர்கள் போல வெளியே போனார்கள். திரும்பி வந்து மற்ற வரிசையில் நின்றார்கள். "நீங்க போங்க அக்கா, எனக்கு அவசரமில்ல" என்று பின்னால் நின்றவர்களை முன்னே தள்ளிவிட்டார்கள். முதலில் நான் சந்தேகப்பட்டது மற்ற மிஸ்ஸைத்தான். அவர் என்னிலும் இளையவர், பேச்சிலே சீனி போட்டுத்தான் பேசுவார். சனத்தை வளைத்துப் பிடித்து நல்ல பெயர் எடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்து இரண்டு கிளினிக் முழுவதும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் தேநீர் குடிக்கும்போது நேராகவே கேட்டேன். அவர் கோப்பைக்குள்ளே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கோபிக்காதீங்க அக்கா. சனம் கதைக்குது. உங்கட நாக்கு கெட்டதாம். நீங்க பிள்ளை நல்லா வளர்ந்திட்டு எண்டு சொன்னா, ஒரு கிழமைக்குள்ள பிள்ளை படுத்திருதாம்."

கண்ணால் படுவது கண்ணூறு, வாயால் படுவது நாவூறு. எங்கள் பக்கத்தில் இரண்டாவதற்குத்தான் பயம் கூட. கண்ணுக்காவது ஒரு கறுப்புப் பொட்டை வைத்துத் திசை திருப்பலாம்; வாயால் வந்த சொல்லை எதால் மறைப்பது? நான் ஞாயிறுதோறும் மெதடிஸ்த ஆலயத்துக்குப் போகிறவள். இதெல்லாம் நமக்கில்லை என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்தார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டே செத்தல் மிளகாயைத் தலையைச் சுற்றி அடுப்பிலே போட்ட வீடுதான் எங்களுடையதும். அதனால் அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குக் கீழே ஒரு சின்ன இருட்டும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்தேன். பிள்ளையை என் கையில் தரும்போது தாய் ஏன் அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்புகிறாள்? பாதத்திலே இந்தக் கரி எப்போது பூசப்பட்டது, வீட்டிலா, என் முறை வரும்போதா? அந்தோனியார் படம் கழுத்தில், வசம்பு கையில், பஞ்சாயுதம் அரையில் என்று மூன்று பக்கக் காவலோடு வந்த பிள்ளைகளைப் பார்க்கும்போது, இவ்வளவும் எனக்காகத்தான் என்று தோன்றும். நான் வாய் திறந்தால் தாயின் உதடு அசையும். துப்புகிறாளோ, செபிக்கிறாளோ தெரியாது. இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

சந்தேகம் ஒரு நாள் என் பக்கமும் திரும்பியது. நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில், நான் நல்லது சொல்லிய பின் நோயில் விழுந்த பிள்ளைகளை எழுதத் தொடங்கினேன். பெயரில்லை, வீட்டு அடையாளம் மட்டும். கிணற்றடி வீட்டுப் பையன், சளி. முந்திரி மரத்தடிப் பெட்டை, வயிற்றோட்டம். பதினொரு வரி சேர்ந்துவிட்டது. பதினொன்றையும் மறுபடி மறுபடி வாசித்தேன். பிறகுதான் நான் படித்த படிப்பு நினைவுக்கு வந்து, நான் நல்லது சொல்லியும் நோயில் விழாத பிள்ளைகளைப் பக்கத்தில் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை. சுகமாயிருந்த பிள்ளைகளை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் அந்தப் பதினொரு பிள்ளைகளும் மனதில் அப்படியே இருந்தார்கள்.

அதற்குப் பின்தான் வாத்தியார் வீட்டுக் கதை நடந்தது.

அவர் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். பத்து மாதப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை வீடு பார்க்கப் போனபோது, பையன் முற்றத்தில் தவழ்ந்து வந்து என் சேலையைப் பிடித்தான். என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது: "நல்ல வளர்த்திதான்." சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுநாள் பையனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் நானே போய்ப் பார்த்தேன், தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொன்னேன், குறையாவிட்டால் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீதிக்கு வந்த பிறகு குடையை மறந்துவிட்டது தெரிந்தது. திரும்பிப் போய்ப் படலையைத் திறந்தால், வாத்தியார் முற்றத்து மணலில் குந்தியிருந்தார். ஒரு கையில் சிரட்டை. நான் நடந்து வந்த வழியில், என் செருப்பின் அடையாளத்தை விரலால் தொட்டுப் பார்த்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன சேர் தேடுறீங்க?"

எழும்பினார். சிரட்டை முதுகுக்குப் பின்னால் போனது.

"ஒண்டுமில்ல மிஸ். சும்மா."

"அது என்ட காலடி."

"மனிசி சொன்னவ, மிஸ். எனக்கு இதுல நம்பிக்கை இல்ல."

"நம்பிக்கை இல்லாட்டி என்னத்துக்கு அள்ளுறீங்க?"

அவர் நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். "செய்யாம விட்டு, மறுகா பிள்ளைக்கு ஏதும் நடந்தா, என்னால தாங்க ஏலா மிஸ்."

எனக்குக் கண் மண் தெரியாத கோபம். "செருப்புக் காலடி சரிவருமா சேர்? வெறுங்காலோட நடந்து தரட்டா?" என்றேன். குத்தலாகத்தான் கேட்டேன். அவர் மணலைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார்.

"ஏலுமெண்டா நல்லம், மிஸ்."

செருப்பைக் கழற்றினேன். படலையிலிருந்து வாசல்படி வரைக்கும், அந்தச் சுடுமணலில், ஒவ்வொரு காலையும் நன்றாக ஊன்றி நடந்தேன். குடையை எடுத்துக்கொண்டு ஓரத்தால் திரும்பி வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதை வெகுநாள் கோபத்தின் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தேன். அது பொய். ஒருவேளை பலிக்குமென்றால் பலித்துவிட்டுப் போகட்டுமே, அந்தப் பையன் எழும்பட்டுமே என்று நடக்கும்போதே நினைத்தேன். வாத்தியாருக்கும் எனக்கும் அந்த முற்றத்தில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

அன்று பின்னேரமே காய்ச்சல் விட்டது. மூன்று நாள் காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டது, அவ்வளவுதான். ஆனால் காலடி மண்ணோடு போட்ட செத்தல் மிளகாய் நெடியே அடிக்கவில்லையாம்; நாவூறு இருந்தால்தானே நெடி அடிக்காது! பையன் படுத்ததைவிட எழும்பியதுதான் எனக்கு வினையாகப் போனது. அடுத்த கிளினிக்கில் நோஞ்சான் பிள்ளைகளின் தாய்மார்கூட என் வரிசையில் நிற்கத் தயங்கினார்கள்.

அதற்கடுத்த மாதம் மற்ற மிஸ் லீவு. ஒரே ஒரு தராசு, என்னுடையது. வேறு வழியில்லாமல் எல்லோரும் என்னிடம் வந்தார்கள். ஒருத்தி பிள்ளையைத் துவாயால் தலைவரை மூடிக்கொண்டு வந்தாள். துவாயை எடுத்தால் உள்ளே பிள்ளையில்லை, ஒரு பூசணிக்காய். மடிப்பு மடிப்பாகத் தொடை. முள் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. தாய் என் வாயையே பார்த்தபடி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பரீட்சைப் பெறுபேறு பார்க்க வந்தவளைப்போல நின்ற அந்த முகத்தைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன புள்ள இது, கருவாடு காயப்போட்ட மாதிரி?" என்றேன். "எலும்பை எண்ணலாம் போல கிடக்கு. வீட்டுல சோறு தண்ணி இல்லயா?"

அவள் ஒரு நொடி திகைத்தாள். பிறகு அவளுடைய முகம் அவிழ்ந்ததே, அதை நான் மறக்கமாட்டேன். "ஓம் மிஸ், ஒண்டும் தின்னுதில்ல. காத்தடிச்சாப் பறந்திரும்" என்று பூரிப்போடு சொன்னாள். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அப்படியொரு சிரிப்பு அந்த மண்டபத்தில் பல மாதமாகக் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அது ஒரு முறையாகிவிட்டது. கொழுத்த பிள்ளை கருவாடு. நடுத்தரம் ஈர்க்குக்குச்சி. மிக நன்றாக வளர்ந்தது என்றால், "மெலிஞ்சு போச்சு புள்ள, இந்த எலும்புக்கூட்டைக் கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டு" என்பேன். அதைக் கேட்கத் தாய்மார் போட்டி போட்டார்கள். ஏதும் சொல்லாமல் அட்டையைக் கொடுத்தால், "எங்கட ஆளுக்கு ஒண்டும் சொல்லல்லயே மிஸ்" என்று முகத்தைத் தொங்கப்போட்டார்கள். என் வரிசை மற்ற வரிசையைவிட நீண்டது. கிளினிக்குக்கு வராமல் இருந்தவர்கள்கூட வரத் தொடங்கினார்கள். மாதா மாதம் வந்துபோகும் டொக்டர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் பெருமைப்பட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

உண்மையிலேயே மெலிந்த பிள்ளைகளின் தாய்மாரைப் பக்கத்தில் இழுத்து, குரலைத் தாழ்த்தி, சிரிக்காத முகத்தோடு சொல்வேன். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினேன். புரிந்துகொண்டார்கள் என்றும் நம்பினேன். அட்டையிலுள்ள கோட்டை விரலால் காட்டி விளங்கப்படுத்துவதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. கோட்டைக் காட்டினால் ஏறியிருக்கிறது, நல்லது என்று சொல்ல வேண்டி வரும். நல்லது என்ற சொல்லை நான் அந்த மண்டபத்துக்கு வெளியே விட்டுவிட்டல்லவா வந்தேன்.

இந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். முதல் பிள்ளை, பெண் குழந்தை. கணவன் கட்டாரில் வேலை. வாவிப் பக்கமாகப் போகும் ஒழுங்கையில் தகரக் கூரை போட்ட புது வீட்டில் தனியாக இருந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். எதற்கும் சிரிக்கிறவள். அவளுடைய பிள்ளை முதல் நான்கு மாதமும் கோடு தவறாமல் ஏறியது. நான்கு மாதமும் நான் அவளுக்கு, "மெலிஞ்சு போச்சு புள்ள, டொக்டரிட்டக் காட்டு" என்று சொன்னேன். நான்கு மாதமும் அவள் வாய் நிறையச் சிரித்தாள். கிளினிக் என்றால் இப்படித்தான் பேசுவார்கள் என்றே அவள் பழகினாள். வேறு மாதிரி நான் பேசி அவள் கேட்டதேயில்லை.

ஐந்தாம் மாதம் நல்ல மழை. மண்டபத்துக்குள்ளே குடையும் ஈரமும் அழுகையுமாக நெருக்கடி. டொக்டர் பட்டணத்தில் கூட்டம் என்று போயிருந்தார். அவளுடைய பிள்ளையைக் கொக்கியில் மாட்டினேன். முள் போன மாதம் நின்ற இடத்திலும் கொஞ்சம் பின்னால் நின்றது. பையை ஆட்டி மறுபடி பார்த்தேன். அதே இடம்.

அவளைப் பக்கத்தில் இழுத்துச் சொன்னேன். "பிள்ளை மெலிஞ்சு போச்சு புள்ள. டொக்டரிட்டக் காட்ட வேணும்."

அவள் சிரித்தாள். "சரி மிஸ்."

"பால் குடிக்கக்குள்ள வேர்க்குதா?"

"ஓம் மிஸ், குளிச்ச மாதிரி வேர்க்கும்" என்றாள், அதே சிரிப்போடு.

அட்டையில், டொக்டரிடம் காட்டவும் என்று எழுதினேன். அவள் அதை வாசிக்காமலே பைக்குள் வைத்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: எவ்வளவு அக்கறையில்லாத பெட்டை இவள், பிள்ளை மெலிகிறது என்கிறேன், பல்லைக் காட்டுகிறாள், இந்தக் காலத்துப் பெட்டைகளுக்கு ஃபோனைத் தவிர வேறு என்ன தெரியும். பின்னால் முப்பது பேர் நின்றார்கள். அடுத்த பிள்ளையை வாங்கினேன்.

அடுத்த மாதம் அவள் வரவில்லை. வராதவர்களை ஒரு கிழமைக்குள் வீட்டிலே போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் போகவில்லை. யாரோ இவளுக்கு என் பழைய கதையைச் சொல்லிவிட்டார்கள், நாவூறுக்குப் பயந்து ஒளிக்கிறாள் என்று முடிவு கட்டினேன். ஒளித்தால் ஒளிக்கட்டும், இன்னொருத்தி வீட்டு முற்றத்தில் நான் வெறுங்காலோடு நடக்கத் தயாரில்லை. அவளுடைய வீடு என் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடம். இரண்டு கிழமை நான் அந்தப் பத்து நிமிடத்தைப் போகவில்லை.

போனபோது காலை பத்து மணி. அவள் படலைக்கே ஓடி வந்தாள். பயமும் இல்லை, ஒளிப்பும் இல்லை.

"வாங்க மிஸ், வாங்க. பனிச்சங்கேணிக்கு அம்மா வீட்ட போயிருந்தம். நேத்துத்தான் வந்த. கிளினிக்குக்கு வர ஏலாமப் போச்சு, கோபிக்காதீங்க." கதிரையை இழுத்துப் போட்டாள். "நீங்க போன முறை சொன்னத அம்மாட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்ச நான். அம்மா ஒரே கரைச்சல், பிள்ளை மெலியுது மெலியுது எண்டு. நான் சொன்னன், மிஸ் மெலிஞ்சு போச்சு எண்டு சொன்னா நல்லா வளருது எண்டு அர்த்தம், உங்களுக்கு விளங்காது எண்டு."

நான் கதிரையில் உட்காரவில்லை. பிள்ளை பாயில் கிடந்தது. காற்றாடி சுற்றிக்கொண்டிருக்க நெற்றியெல்லாம் வியர்வை. சட்டையைத் தூக்கினேன். விலா எலும்புகள் தெரிந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் உள்ளே இழுபட்டது.

"புள்ள, பிள்ளைக்குச் சரியில்ல. இப்பவே ஆசுப்பத்திரிக்குப் போகணும்."

அவள் சிரித்தாள்.

"நான் பகிடி விடல்ல. பிள்ளை உண்மையாவே மெலிஞ்சிட்டு."

"ஓம் மிஸ், கருவாடுதான்" என்று சிரித்துக்கொண்டே தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

நான் அந்த இடத்திலே நின்றேன். இருபத்தாறு வருடமாகத் தாய்மாரோடு பேசி உத்தியோகம் பார்த்தவள். இருந்த சொல்லையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். மெலிவு, நோய், டொக்டர், ஆசுப்பத்திரி. ஒன்றாவது மிச்சமில்லை. எல்லாவற்றையும் நான் சிரிப்புக்குக் கொடுத்துத் தீர்த்திருந்தேன். கத்தினால் அதுவும் பகிடியின் இன்னொரு படி என்று நினைப்பாள். என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

அடுப்படிக்குப் போனேன். அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பாயருகே உட்கார வைத்து, அந்தக் கையை விரித்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்து என் கையால் அழுத்திப் பிடித்தேன். உள்ளே அந்தச் சின்ன இருதயம் அடித்த அடி அவளுடைய கையைக் கடந்து என் கைக்கும் வந்தது. அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிறகு சிரிப்பு நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையையே பார்த்தாள்.

"மிஸ்," என்றாள். "அப்ப போன மாசம் நீங்க சொன்னது..."

"ஓட்டோக்குச் சொல்லு" என்றேன்.

இருதயத்தில் ஓட்டை, நெஞ்சில் சளியும் கட்டியிருந்தது. வார்ட்டில் நின்ற டொக்டர் அட்டையைப் புரட்டினார். ஒரு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் இவ்வளவு கஷ்டம் வந்திராதே, யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். நான் சொன்னேன்: "போன மாசமே சொன்னன் டொக்டர். அட்டையிலயும் எழுதியிருக்கிறன்."

பொய்யில்லை. எழுத்தும் இருந்தது, திகதியும் இருந்தது. டொக்டர் அவளைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஓம் டொக்டர், மிஸ் சொன்னவதான்" என்றாள். டொக்டர் அவளை ஏசினார். படித்த பிள்ளைகள்கூட இப்படி அசட்டையாக இருக்கிறீர்களே என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. என் நாக்கைப் பற்றி ஊர் சொன்ன எல்லாவற்றிலும் கெட்டதை அது அன்றைக்குத்தான், பேசாமல் இருந்து செய்தது. அதை நினைக்கும்போது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். சளி இளகி உடம்பு தேறும்வரை வெட்ட முடியாது என்று வாரக்கணக்கில் வைத்திருந்தார்கள். ஒரு முறை மூச்சு நின்று திரும்ப வந்ததாம். கணவன் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். ஒபரேசன் முடிந்து, மறுபடி மாதக்கணக்கில் போய்வந்து, ஒருவழியாகப் பிள்ளை தப்பியது. அந்தக் காலம் முழுவதும் கிளினிக்கில் ஒருத்தருக்கும் நான் பகிடி சொல்லவில்லை. நிறையைச் சொன்னேன், கோட்டைக் காட்டினேன். நல்லதை நல்லது என்றே சொன்னேன். ஒன்றிரண்டு பேர் பழையபடி வரிசை மாறினார்கள். மாறட்டும் என்று விட்டேன்.

வருடம் முடிகிற நேரம் அவள் பிள்ளையோடு மண்டபத்துக்கு வந்தாள். எங்கே நிற்பாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். என் வரிசையில்தான் நின்றாள். உடனே மனம் கண்டபடி ஓடத் தொடங்கியது: என்னைச் சபிக்க வந்திருக்கிறாளோ, எல்லோர் முன்னாலும் கேட்கப் போகிறாளோ, காலடி மண் அள்ளப் போகிறாளோ. ஒன்றும் செய்யவில்லை. முறை வந்ததும் பிள்ளையைத் துணிப்பையில் தானே இறக்கினாள். நெஞ்சிலே மேலிருந்து கீழாக நீளத் தழும்பு. பிள்ளை என்னைப் பார்த்து அழவில்லை. முள் ஓடியது. அவள் என் பக்கத்தில் வந்து, முள்ளுக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தாள். முன்பு ஒருநாளும் அப்படிப் பார்த்தவளில்லை.

நிறை ஏறியிருந்தது. எனக்குள்ளே சந்தோசம் பொங்கியது. சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம் மிஸ்" என்றாள். "நீங்க ஒண்டும் சொல்ல வேணாம்."

"நாவூறுக்குப் பயமா புள்ள?"

"இல்ல மிஸ். எனக்கு அந்த நம்பிக்கை எப்பவும் இல்ல." குரலில் கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கோபமே இல்லை. "நீங்க சொல்றதுல எது உண்மை எது பகிடி எண்டு இனி எனக்கு விளங்காது. கொழும்புல ஒரு நேர்ஸ் கோடு பாக்கப் பழக்கித் தந்தவ. நீங்க புள்ளிய மட்டும் வைங்க. மத்தத நான் பாத்துக்கொள்றன்."

என் நாக்குக்குப் பயந்து ஓடிய தாய்மாரையெல்லாம் நான் வெறுத்திருக்கிறேன். ஆனால் அவர்கள் என் சொல்லை நம்பித்தான் ஓடினார்கள். இவள் பயப்படவில்லை, ஓடவுமில்லை.

அட்டையை வாங்கினேன். மாதத்தைப் பார்த்து, நிறையைப் பார்த்து, பேனையை வைத்தேன். என் ஆசைதான் தள்ளியதோ என்னவோ, புள்ளி உரிய இடத்துக்கு ஒரு நூல் மேலே விழுந்தது.

அவள் குனிந்து பார்த்தாள்.

"கொஞ்சம் கீழ வரணும், மிஸ்" என்றாள்.